பேரரசின் காலாட்படையும் வன்னியும்

முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் எல்லையாக அமைந்தது கொக்கிளாய்க் கடனீரேரி. இக்கரையிற் பிறந்த எமக்குப் பண்டாரவன்னியன் வரலாறு பாடநூலுக்கு முன்பே கேள்விச் செல்வமாகக் கிட்டியது. ஆயின், அவனை எதிர்த்த பேரரசின் படையமைப்பைப் பற்றி நாம் அறிந்தது சொற்பமே. அதனைச் சுருக்கமாக ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

1803 இல் ஆங்கிலேயர் கண்டியோடு பொருதினர். யூன் 24 இல் மேஜர் டேவியின் காவற்படை கண்டியிற் சரணடைந்து அழிவுற்றது. அந்நெருக்கடியிடையே, ஓகஸ்டில், பண்டாரவன்னியன் முல்லைத்தீவைக் கைப்பற்றினான். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய முத்திசைகளிலிருந்தும் அவன்மீது படைகள் ஏவப்பட்டன. ஒக்டோபர் 31 இல் வொன் ட்றிபேக் கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தான். பிற்காலத்தில் அங்கு நாட்டப்பட்ட கல் இவ்விருவர் பெயரையே பொறித்தது; துப்பாக்கி ஏந்தியோரைக் குறித்திலது.

அன்றைய ஆங்கில ஆட்சி ஐரோப்பியப் படைகளை மட்டும் நம்பியிருக்கவில்லை. 1796 இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைக் கைப்பற்றியபோது, ஒல்லாந்தரின் கீழிருந்த மலாய வீரரையும் தன் சேவையில் ஏற்றது. தேசாதிபதி நோர்த் காலத்தில் அவர்கள் இலங்கையின் முதலாம் றெஜிமென்ற் ஆயினர். பின்னெழுந்த றெஜிமென்றுகளில் சிங்களவரும் இந்தியச் சிப்பாய்களும் ஆபிரிக்கரும் சேர்க்கப்பட்டனர். றெஜிமென்ற் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டது. மலாயருள்ளும் கப்டன், லெப்டினன்ற் பதவி வகித்தோர் உளர். எனினும் உயர் அதிகாரம் ஐரோப்பியரிடமே இருந்தது. 1827 முதல் இப்படை இலங்கை றைபிள் றெஜிமென்ற் எனப் பெயர்பெற்றது.

யாவாவிலிருந்தும் அயற்றீவுகளிலிருந்தும் ஒல்லாந்தராற் கொணரப்பட்டோரின் வழிவந்தோரே இம்மலாயருட் பலர். கண்டியரசனின் பக்கத்திலும் மலாயர் போரிட்டனர். அவ்வரசனின் சேவையிற் சேர மறுத்த மலாயக் கப்டன் நூருதீன் 1803 இலேயே கொலைத்தண்டனைக்கு ஆளானார். ஒரே இனத்தார் பிறர் போரில் இரு புறமும் நின்று மடிந்தமை சிந்தனைக்குரியது.

1873 இல் றெஜிமென்ற் கலைக்கப்பட்டது. வீரர் சிலர் பொலிஸ் சேவையிற் புகுந்தனர். இச்சமூகத்தைச் சேர்ந்த பாபா யூனுஸ் சல்டீன் 1869 இல் ‘அலாமத் லங்காபுரி’ என்னும் மலாய்ப் பத்திரிகையைக் கொழும்பில் வெளியிட்டார். படையாகக் கொணரப்பட்ட மக்கள் நம் தீவின் குடிகளாக வேரூன்றியமைக்கு இது சான்றாகும்.

பேரரசு, தான் அடக்கிய ஒரு மக்களைக் கொண்டே மற்றொரு மக்களை அடக்கிற்று. வன்னியனின் வீரத்தைப் போற்றும் நாம், கல்லிற் பெயர் பெறாத அக்காலாட்களையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அப்பொழுதே வன்னியின் வரலாறு நிறைவெய்தும்.