ஆவாரை

ஆவாரை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட நிலங்களில் இயல்பாக வளரும் புதர்ச்செடி. சென்னா ஆரிகுலாட்டா என்பது இதன் அறிவியல் பெயர். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மஞ்சள் பூக்கள் கொத்துக்கொத்தாகப் பூக்கும்.

நிலமீட்பு: சரளை மண்ணிலும் தரிசிலும் வேரூன்றி மண்ணரிப்பைத் தடுக்கிறது. ஆடுமாடுகள் பெரும்பாலும் கடிக்காததால் மேய்ச்சல் நிலத்திலும் தப்பிப் பிழைக்கும். பயறுகளில் உண்டாவதுபோல் இதன் வேரில் நைட்ரஜன் முடிச்சுகள் உண்டாவதில்லை. உதிரும் தழையே மண்ணை வளமாக்குகிறது. பூக்களில் மகரந்தம் தேடித் தச்சுத்தேனீக்கள் வருகின்றன. இலைகள் சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு உணவாகின்றன.

வளர்ப்பு: பழுப்பேறிக் காய்ந்த தட்டையான காய்களிலிருந்து விதை எடுக்க வேண்டும். விதையுறை கடினமானது. மணலோடு சேர்த்துத் தேய்த்தோ, சூடான நீரில் இட்டு இரவு முழுவதும் ஊறவைத்தோ விதைத்தால் முளைப்பு கூடும். வடகிழக்குப் பருவமழைத் தொடக்கத்தில் நேரடியாக விதைப்பது நல்லது. நாற்றைப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுபடும்.

பயன்கள்: பட்டை தோல் பதனிட உதவும், தழை நெல்வயலுக்கு உரமாகும். பூவைக் காயவைத்துக் குடிநீராக்குவர். பொங்கலுக்கு முன் இப்பூவைச் சிறுபூளை, வேப்பிலையோடு சேர்த்துக் காப்பாகக் கட்டுவர். மீட்பு நிலத்தில் பட்டை உரிப்பதைத் தவிர்க்க வேண்டும். தண்டைச் சுற்றிலும் உரித்தால் அதற்கு மேலுள்ள பகுதி பட்டுப்போகும்.