பெங்களூரு சாலைகளுக்கு அடியில் எரிவாயுக் குழாய்கள்: பாதுகாப்பு விதிகள் சொல்வது என்ன?

பெங்களூரு: பெங்களூரு நகரச் சாலைகளுக்கு அடியில் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, கண்ணாடி இழைக் கம்பி ஆகியவற்றுடன் இப்போது இயற்கை எரிவாயுக் குழாய்களும் செல்கின்றன. எரிவாயுக் குழாயைப் பதிப்பது ஒரு நிறுவனம். அதே சாலையைத் தோண்டுவதோ பல துறைகள். இவற்றுக்கிடையே தகவல் பரிமாற்றம் தவறும்போது விபத்து நேர்கிறது.

2023 மார்ச் மாதம் எச்.எஸ்.ஆர். லேஅவுட் பகுதியில் குடிநீர் வாரியப் பணிக்காக நிலம் தோண்டப்பட்டபோது எரிவாயுக் குழாய் சேதமடைந்தது. கசிந்த வாயு தீப்பற்றி வெடித்ததில் சிலர் காயமடைந்தனர். அருகிலிருந்த வீடுகளும் சேதமடைந்தன. நகர எரிவாயுக் கட்டமைப்பின் பாதுகாப்பு எவற்றைச் சார்ந்திருக்கிறது, அதற்கான விதிகள் எவை, பொறுப்பு யாருக்கு என்பதை இக்கட்டுரை தொகுத்தளிக்கிறது.

குழாய் வந்த வழி

மகாராஷ்டிரத்தின் தாபோலிலிருந்து பெங்களூருக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர் நீளமுள்ள பெருங்குழாயைப் பொதுத்துறை நிறுவனமான கெயில் அமைத்தது. இக்குழாய் 2013ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. பெங்களூரு நகர், ஊரக மாவட்டங்களில் எரிவாயு விநியோகிக்கும் உரிமம் 2015ஆம் ஆண்டு அதன் துணை நிறுவனமான கெயில் கேஸ் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. அதன்பின் வீடுகள், உணவகங்கள், தொழிற்சாலைகள், வாகன எரிவாயு நிலையங்கள் ஆகியவற்றுக்குக் குழாய் இணைப்புகள் படிப்படியாக விரிவடைந்து வருகின்றன.

பெருங்குழாயிலிருந்து வரும் வாயு நகர நுழைவு நிலையத்தில் அளக்கப்பட்டு, மணம் சேர்க்கப்பட்டு, அழுத்தம் குறைக்கப்பட்டு நகருக்குள் செல்கிறது. முதல் அடுக்கில் எஃகுக் குழாய்கள் உயர் அழுத்தத்தில் வாயுவைக் கொண்டு செல்கின்றன. இரண்டாம் அடுக்கில், தெருக்களின் அடியில் உள்ள பாலிஎத்திலீன் குழாய்களில் அழுத்தம் பொதுவாகச் சுமார் 4 பார் அளவில் இருக்கும். வீட்டு அடுப்பை அடையும்போது அது சுமார் 21 மில்லிபார் அளவுக்குக் குறைக்கப்படுகிறது.

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். சமையல் எரிவாயு சிலிண்டரில் உள்ள வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். மீத்தேன் காற்றைவிட இலேசானது. திறந்தவெளியில் மேலெழுந்து கலைந்துவிடும். காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதுதான் அது தீப்பற்றும். இவ்விரு இயல்புகளும் பாதுகாப்புக்குச் சாதகமானவை. ஆனால் மண்ணுக்கடியில் கசியும் வாயு மேலே செல்ல வழியின்றிக் கழிவுநீர்க் கால்வாய், கம்பி செல்லும் குழல், கட்டட அடித்தளம் ஆகியவற்றின் வழியே நகர்ந்து மூடிய அறைக்குள் புகுந்துவிடலாம். கசிந்த இடம் ஒன்றும் வெடிக்கும் இடம் வேறொன்றுமாக அமைவது இதனால்தான்.

எந்தச் சட்டம், எந்த விதி?

நகர எரிவாயு விநியோகத்தைப் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் கண்காணிக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட இவ்வாரியத்தின் மூன்று ஒழுங்குமுறைகள் பாதுகாப்புக்கு அடிப்படையாக உள்ளன.

முதலாவது, 2008ஆம் ஆண்டின் தொழில்நுட்பத் தரநிலைகள் மற்றும் பாதுகாப்புத் தரநிலைகள் ஒழுங்குமுறை. குழாயின் வடிவமைப்பு, பொருளின் தரம், பதிக்கும் ஆழம், பற்றவைப்பு, சோதனை, இயக்கம், பராமரிப்பு ஆகியவற்றை இது வரையறுக்கிறது. இரண்டாவது, 2010ஆம் ஆண்டின் அவசரகால நடவடிக்கை மற்றும் பேரிடர் மேலாண்மைத் திட்ட ஒழுங்குமுறை. விபத்துகளை இது மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. நிறுவனமே சமாளிக்கக்கூடியது முதல் நிலை. வெளியுதவி தேவைப்படுவது இரண்டாம் நிலை. வளாகத்துக்கு வெளியேயும் பாதிப்பு பரவி, மாவட்ட நிர்வாகத்தின் தலையீடு தேவைப்படுவது மூன்றாம் நிலை. மூன்றாவது, 2013ஆம் ஆண்டின் கட்டமைப்பு உறுதி மேலாண்மை ஒழுங்குமுறை. குழாய் பயன்பாட்டிலுள்ள காலம் முழுவதும் அதன் உறுதியை மதிப்பிட்டு, ஆபத்துகளை வரிசைப்படுத்தி, ஆவணங்களைப் பேண வேண்டும் என்று இது வலியுறுத்துகிறது.

விதிமீறலுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஒவ்வொரு மீறலுக்கும் 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10 லட்சம் ரூபாய் வரை கூடுதல் அபராதம் விதிக்கலாம்.

கட்டுமானத்தின்போது

குழாய் செல்லும் பகுதியின் மக்கள் அடர்த்திக்கேற்ப வடிவமைப்பு நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்படுகிறது. கட்டடங்கள் நெருங்கிய பகுதிகளில் எஃகுக் குழாயின் சுவர் தடிமன் கூடுதலாகவும், உலோகத்தின் மீதான தகைவு குறைவாகவும் இருக்க வேண்டும். பெங்களூரு போன்ற மாநகரத்தின் பெரும்பகுதிக்கு உயர் வகுப்புகளின் கட்டுப்பாடுகளே பொருந்தும்.

குழாய்க்கு மேல் குறைந்தது ஏறத்தாழ 1 மீட்டர் மண்மூடல் வேண்டும். சாலை, நீர்நிலை போன்றவற்றைக் கடக்கும் இடங்களில் அதைவிடக் கூடுதலான ஆழம் கோரப்படுகிறது. குழாய்க்குச் சற்று மேலே எச்சரிக்கைப் பட்டை விரிக்கப்படுகிறது. பின்னொரு நாளில் தோண்டுபவரின் கடப்பாரை குழாயைத் தொடுவதற்கு முன் அந்தப் பட்டையைத் தொட வேண்டும் என்பதே நோக்கம். நிலத்தின் மேற்பரப்பில் வழித்தட அடையாளக் கற்களும் பலகைகளும் நிறுவப்பட வேண்டும்.

எஃகுக் குழாயின் பற்றவைப்புகள் கதிர்ப்படம் போன்ற முறைகளால் ஆராயப்படுகின்றன. பாலிஎத்திலீன் குழாய்கள் மின்வெப்ப இணைப்பு முறையில் உருக்கி ஒட்டப்படுகின்றன. ஒட்டும் முனையில் மண்ணோ ஈரமோ இருந்தால் இணைப்பு வெளிப்பார்வைக்குச் சரியாகத் தோன்றினாலும் உள்ளே வலுவிழந்திருக்கும். எனவே தொழிலாளரின் பயிற்சியும் தகுதிச் சான்றும் விதிமுறையின் பகுதியாகவே கருதப்படுகின்றன. இயக்க அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தத்தில் சோதித்து, கசிவு இல்லை என்று உறுதிசெய்த பின்னரே வாயு செலுத்தப்பட வேண்டும்.

எரிவாயு நிறுவனம் பணியை ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க முடியாது. துணை ஒப்பந்ததாரரின் தொழிலாளர் செய்யும் பிழைக்கும் உரிமம் பெற்ற நிறுவனமே வாரியத்திடம் பதில் கூற வேண்டியுள்ளது.

பராமரிப்பின்போது

எஃகுக் குழாயின் முதன்மை எதிரி துரு. வெளிப்பூச்சுடன் எதிர்முனைப் பாதுகாப்பு என்னும் மின்வேதியியல் முறையும் பயன்படுத்தப்படுகிறது. செம்பு சல்பேட் மின்வாயை ஒப்பிட்டு மைனஸ் 0.85 வோல்ட் என்ற அளவுகோல் பின்பற்றப்படுகிறது. மெட்ரோ போன்ற மின்சார ரயில் தடங்களுக்கு அருகே மண்ணில் பரவும் மின்னோட்டம் இப்பாதுகாப்பைக் குலைக்கக்கூடும் என்பதால், அங்கு அளவீடுகளுக்குக் கூடுதல் கவனம் தேவை.

இயற்கை எரிவாயுவுக்கு மணமில்லை. ஆகவே மெர்காப்டன் வகை வேதிப்பொருள் சேர்க்கப்படுகிறது. வாயு தீப்பற்றும் அளவை எட்டுவதற்கு வெகு முன்பே மனித மூக்கு அதை உணர வேண்டும். எனினும் மண்ணூடே நெடுந்தூரம் கசியும் வாயு தன் மணத்தை ஓரளவு இழக்கக்கூடும். எனவே மூக்கை மட்டும் நம்பாமல், கருவிகளின் துணையோடு வழித்தட ரோந்தும் கசிவு ஆய்வும் குறித்த கால இடைவெளியில் நடத்தப்பட வேண்டும். வால்வுகளை அவ்வப்போது இயக்கிப் பார்ப்பதும் முக்கியம். அவசர நேரத்தில் திரும்பாத வால்வு இருந்தும் இல்லாததற்குச் சமம்.

பிற விபத்துகள் கற்பித்தவை

2014 ஜூன் 27 அன்று ஆந்திரப் பிரதேசத்தின் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் என்ற கிராமத்தில் கெயில் நிறுவனத்தின் பெருங்குழாய் வெடித்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலர்ந்த வாயுவுக்காக அமைக்கப்பட்ட குழாயில் ஈரம் கலந்த வாயு சென்றதால் உட்புறத் துரு ஏற்பட்டது விசாரணையில் தெரியவந்தது.

தென் கொரியாவின் தேகு நகரில் 1995 ஏப்ரல் 28 அன்று, கட்டுமானப் பணியில் துளையிடப்பட்ட எரிவாயுக் குழாயிலிருந்து கசிந்த வாயு அருகிலிருந்த சுரங்க ரயில் பணியிடத்துக்குள் புகுந்து வெடித்தது. பள்ளி மாணவர்கள் உட்பட 101 பேர் மாண்டனர். சுரங்கப் பணிகள் நடைபெறும் எந்த மாநகரத்துக்கும் இது நேரடிப் பாடம்.

பெல்ஜியத்தின் கிலெங்கியனில் 2004 ஜூலை 30 அன்று 24 பேர் உயிரிழந்த விபத்தில், கட்டுமான இயந்திரம் முன்னதாகவே குழாயைக் கீறிச் சேதப்படுத்தியிருந்தது. அன்று வெடிக்காத குழாய், பின்னர் அழுத்தம் உயர்ந்தபோது உடைந்தது. இயந்திரம் குழாயை இலேசாக உரசினாலும் உடனே தெரிவிக்க வேண்டும் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

அமெரிக்காவின் சான் புரூனோவில் 2010 செப்டம்பர் 9 அன்று 8 பேர் உயிரிழந்தனர். வெடித்த குழாய் தையலற்றது என்று நிறுவன ஆவணங்கள் கூறின. உண்மையில் அது தரமற்ற பற்றவைப்புத் தையல்கள் கொண்டது. வாயு வரத்தை நிறுத்த 95 நிமிடங்கள் ஆயின. அந்நிறுவனத்துக்கு 2015இல் 160 கோடி டாலர் அளவில் தண்டம் விதிக்கப்பட்டது.

தோண்டும் முன் தெரிவிக்க

பெங்களூரில் குடிநீர் வாரியம், மின்வழங்கல் நிறுவனம், மெட்ரோ ரயில் கழகம், தொலைத்தொடர்பு நிறுவனங்கள், மாநகர நிர்வாகம் எனப் பல அமைப்புகள் சாலைகளைத் தோண்டுகின்றன. 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சிக்கு மாற்றாகப் பெருநகர ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் நடைமுறைக்கு வந்துள்ளதால், அனுமதி வழங்குவோருக்கும் குழாய் உரிமையாளருக்கும் இடையிலான ஒருங்கிணைப்பு மேலும் முக்கியத்துவம் பெறுகிறது.

நிலத்தடிக் கட்டமைப்புகளைக் காக்க ‘கால் பிஃபோர் யு டிக்’ என்ற செயலியைப் பிரதமர் நரேந்திர மோடி 2023 மார்ச் 22 அன்று தொடங்கிவைத்தார். தோண்டவிருக்கும் இடத்தை இதில் பதிவுசெய்தால், அங்குள்ள கட்டமைப்பின் உரிமையாளருக்குத் தகவல் செல்லும். அமெரிக்காவில் 2007 முதல் 811 என்ற ஒரே எண் இதே பணிக்குப் பயன்படுகிறது. ஆனால் வரைபடம் துல்லியமாக இருந்தால்தான் இத்தகைய ஏற்பாடுகள் பயன் தரும். சாலை உயர்த்தப்பட்டாலோ தாழ்த்தப்பட்டாலோ, பதித்தபோது குறித்த ஆழம் பின்னர் பொருந்தாமல் போகலாம். எனவே குழாயை நெருங்கும்போது பொக்லைனை நிறுத்தி, கையால் குழி வெட்டி இருப்பிடத்தை உறுதிசெய்வதும், எரிவாயு நிறுவனப் பணியாளரின் முன்னிலையில் பணியைத் தொடர்வதும் பாதுகாப்பான நடைமுறையாகும்.

பொதுமக்கள் செய்ய வேண்டியவை

* வீட்டில் வாயு மணம் வீசினால் அடுப்பையும் மீட்டர் அருகிலுள்ள வால்வையும் மூடிச் சன்னல், கதவுகளைத் திறக்க வேண்டும்.
* மின்விளக்கு, விசிறி ஆகியவற்றின் சுவிட்சுகளைப் போடவோ அணைக்கவோ கூடாது. தீக்குச்சி பற்றவைக்கக் கூடாது.
* வெளியே பாதுகாப்பான தொலைவுக்குச் சென்ற பிறகே கைப்பேசியில் எரிவாயு நிறுவனத்தின் அவசர எண்ணையோ 112 எண்ணையோ அழைக்க வேண்டும்.
* தெருவில் தோண்டும் இடத்தில் சீறும் ஒலி கேட்டாலோ, புழுதியோ நீர்க்குமிழிகளோ எழுந்தாலோ இயந்திரத்தையும் வாகனங்களையும் நிறுத்தி, அங்கிருப்போரை அப்புறப்படுத்த வேண்டும். குழாயின் துளையை மண்ணால் மூடக் கூடாது. அது வாயுவை வேறு வழியில் திருப்பிவிடும்.
* குழாய் வழித்தட அடையாளக் கற்களை அகற்றவோ, வழித்தடத்தின் மேல் கட்டடம் எழுப்பவோ கூடாது.

சென்னை, திருவள்ளூர் பகுதிகளிலும் கோவையிலும் நகர எரிவாயு விநியோகப் பணிகள் நடைபெற்று வருகின்றன. நாடு முழுவதும் இக்குழாய்கள் அனைத்துக்கும் மேற்கண்ட மூன்று ஒழுங்குமுறைகளே பொருந்தும்.