துவர்ப்பும் தேறலும்

சில ஆண்டுகளுக்கு முன், தோல் ஏற்றுமதித் தொழிலில் இருக்கும் நண்பரின் இல்லத்தில்தான் முதன்முதலாகச் சிவப்பு வைன் அருந்தினேன். இத்தாலியிலிருந்து வந்த விருந்தினர் அளித்துச் சென்ற புட்டி அது. ஒரு மிடறு விழுங்கிவிட்டு, "துவர்க்கிறதே" என்றேன். "பழ மணம், மர மணம் என்றல்லவா சொல்ல வேண்டும், ஐயா!" என்று உடனிருந்தோர் நகைத்தனர். கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். தமிழ் கற்பிப்பவனுக்குத் தன் நாக்கின் மீதே ஐயம் பிறந்த நாள் அது.

ராணிப்பேட்டைக்காரன் துவர்ப்பை அறியாதவன் அல்லன். குரோம் உப்பு பரவுமுன் இப்பகுதியில் தோலைப் பதனிட்டவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போன்றவையே. பட்டையிலுள்ள டானின் தோலின் புரதத்தோடு பிணைந்து, அதை அழுகாமல் காக்கிறது. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வைனில் இறங்குவதும் டானினே. அது எச்சிலின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான் நாக்கு வறண்டு இறுகுகிறது. ஆக, நான் சொன்னது பிழையன்று.

அயல்நாட்டு வைனைச் சுவைத்த முதல் தமிழன் நானும் அல்லேன். புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுடைய தேறலைப் பொற்கலத்தில் மகளிர் நாளும் ஊட்ட, மகிழ்ந்து வாழ்க எனப் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். கி.பி. முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல், முசிறிக்குச் சிறிதளவு வைன் வந்ததைக் குறிப்பிடுகிறது. பாரிகாசாவில், அதாவது இன்றைய பரூச்சில், இத்தாலிய வைனுக்கே முதலிடம் என்றும் அது கூறும். வாங்குவோருக்கு அன்றே தனி விருப்பம் இருந்திருக்கிறது!

1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் ஆம்போரா எனப்படும் இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவற்றுள் கிரேக்கத்தின் கோஸ் தீவைச் சார்ந்த வகையும் உண்டு. அத்தீவு வைனின் பாணியில் கடல்நீர் சேர்த்து வைன் செய்யும் முறையைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் உரோமரான கேட்டோ எழுதி வைத்துள்ளார். நம் முன்னோர் அருந்திய யவன வைனில் சில உப்புக் கரித்தும் இருக்கலாம்.

எனினும் அதற்கு அவர்கள் புதுப்பெயர் தேடவில்லை. தெளிந்த கள்ளுக்குத் தம்மிடம் இருந்த 'தேறல்' என்னும் சொல்லையே வழங்கினர். அவர்களுக்கு முன்னனுபவம் இருந்தது. நம் தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, குற்றாத அரிசிக் கூழை ஆற்றி, முளைநெல் மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிடும் முறையை விரித்துரைக்கிறது. கள், நறவு, தோப்பி, தேறல், மட்டு என இத்தனை சொற்களை உடையோர், புதியதை உள்ளதோடு ஒப்பிட்டே அறிந்திருப்பர்.

பின்னொரு நாள் அதே நண்பர் வீட்டில் இரண்டு கோப்பைகள் என் முன் வந்தன. இம்முறை எவரையும் கேளாமல், இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு என்று எனக்குத் தெரிந்த சொற்களாலேயே சுவைத்துப் பார்த்தேன். இனித்த வெள்ளை வைனைவிடத் துவர்த்த சிவப்பே எனக்கு உகந்தது. பழ மணம் இன்னும் பிடிபடவில்லை. அதனால் குறையொன்றும் இல்லை. தன் சுவையை அறிய விழைபவர் முதலில் தன் சொல்லை நம்பட்டும்.