இசை வைத்தியர் உருவான வரலாறு

இசை மனத்தை இளக்கும் என்பதை அறியாதார் இலர். அழுகின்ற குழந்தை தாலாட்டில் உறங்குகின்றது. உழைப்பவனின் களைப்புப் பாட்டில் மறைகின்றது. ஆயினும், இசையால் இன்பமூட்டுவது வேறு. இசையைக் கருவியாகக் கொண்டு நோயாளருக்குச் சிகிச்சை செய்வது வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடத்தற்குக் கல்வி எத்துணை வேண்டப்பட்டது என்பதை அமெரிக்க நாட்டு வரலாறு நன்கு காட்டுகின்றது.

முதலாம் உலக யுத்தத்திலே காயமுற்ற கனேடியப் போர்வீரருக்கு இசையாற் சேவை செய்தவர் மார்கரெட் அன்டர்டன் என்னும் ஆங்கிலப் பியானோக் கலைஞர். இவ்வம்மையார் 1919 இல் நியூயோர்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் இசைச் சிகிச்சை பற்றிய பாடநெறியொன்றை நடத்தினார். எனினும், ஒரு பாடநெறி மாத்திரம் ஒரு தொழிலை ஆக்கிவிடாதன்றோ?

இரண்டாம் உலக யுத்தத்தின்பின் உடலாலும் உள்ளத்தாலும் நொந்த போர்வீரர் பல்லாயிரவர் வைத்தியசாலைகளை நிறைத்தனர். இசைக் கலைஞர் பலர் அங்கு சென்று பாடினர், வாத்தியங்களை வாசித்தனர். பேசாதிருந்த நோயாளர் சிலர் இசைக்கு இணங்குவதைக் கண்ட வைத்தியர், கலைஞரை வேலைக்கு அமர்த்துமாறு வேண்டினர். அப்பொழுதுதான் ஒரு குறை தெளிவாயிற்று. கலைஞருக்குப் பாடத் தெரிந்தது, நோயைத் தெரியவில்லை. ஒருவனுக்கு ஆறுதலளிக்கும் பாட்டே மற்றொருவனுக்கு யுத்தகளத்தை நினைவூட்டி, ஆறாத புண்ணைக் கிளறிவிடலாம். நல்லெண்ணம் மாத்திரம் போதாது. பயிற்சியும் வேண்டும் என்பதை யாவரும் உணர்ந்தனர்.

இதற்கான முதற் பட்டப் படிப்பு 1944 இல் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் ஆரம்பமாயிற்று. அக்கல்லூரியே இன்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. கன்சாஸ் சர்வகலாசாலையிலே ஈ. தயர் காஸ்டன் என்னும் பேராசிரியர் 1946 இல் மேற்பட்டப் பாடங்களைத் தொடங்கினார். நோயாளரோடு உறவை வளர்த்தல், அவர்தம் தன்மதிப்பை உயர்த்துதல், தாளத்தின் வலிமையால் ஊக்கமும் ஒழுங்கும் தருதல் என்பன அவர் வகுத்த கோட்பாடுகளாம். இத்துறையின் தந்தை என அவரைப் போற்றுவர்.

1950 இல் தேசிய இசைச் சிகிச்சைச் சங்கம் நிறுவப்பட்டது. தகுதியுடையாரைப் பதிவு செய்யும் முறையை அச்சங்கம் 1956 இல் ஏற்படுத்தியது. 1971 இல் மற்றொரு சங்கமும் தோன்றித் தனியாகச் சான்றிதழ் வழங்கலாயிற்று. இவ்வாறு அளவுகோல்கள் இரண்டாயின. கற்பிப்போரும் சங்கத்தாரும் தாமே தகுதியை முடிவு செய்யாது, தனித்து நிற்கும் ஒரு சபை அதனைச் சோதித்தல் வேண்டுமென்னும் கருத்து வலுப்பெற்றது. அதன் பயனாக 1983 இல் சான்றளிக்கும் சபையொன்று அமைந்தது. 1985 இல் அதன் முதற் பரீட்சை நடந்தேறியது. இரு சங்கங்களும் 1998 இல் ஒன்றாயின.

இன்று அந்நாட்டில் இத்தொழிலை நாடும் மாணவர் இசையோடு உளவியல், உடற்கூற்றியல் ஆகியவற்றையும் கற்கின்றனர். பியானோ, கிற்றார், வாய்ப்பாட்டு ஆகிய மூன்றிலும் பயிற்சி பெறுகின்றனர். வைத்தியசாலை, பாடசாலை, முதியோர் இல்லம் போன்றவற்றிலே மேற்பார்வையின்கீழ் 1,200 மணித்தியாலங்களுக்குக் குறையாத நேரடிப் பயிற்சியும் பெறல் வேண்டும். அதன் பின்னரே சான்றிதழுக்கான பரீட்சைக்குத் தோற்ற முடியும். சித்தியெய்தியபின்னும் படிப்பு முடிவதில்லை. ஐந்தாண்டுக்கொருமுறை சான்றிதழைப் புதுப்பித்தல் வேண்டும்.

பாட்டுப் பாடுவதற்கு இத்துணைப் படிப்பா எனச் சிலர் வினவக்கூடும். நடை தளர்ந்தவர்க்குத் தாளத்தை எந்த வேகத்தில் அமைப்பது, பேச்சிழந்தவரைப் பாட்டின் வழியே சொல்லுக்கு எவ்வாறு அழைப்பது, எப்பொழுது இசையை நிறுத்தி மௌனமாயிருப்பது என்பனவெல்லாம் கற்றும் பழகியுமே அறியத்தக்கன. நோயாளர் தம் நம்பிக்கையை ஒப்படைக்கும் இடத்தில் அரைகுறை அறிவுக்கு இடமில்லை.

சேவை செய்ய விரும்பும் இளைஞர் யாவரும் இவ்வரலாற்றைச் சிந்தித்தல் நன்று. அன்பு சேவைக்கு வாயிலைத் திறக்கும். உள்ளே சென்று பயன்பட வைப்பது முறையான கல்வியேயாம்.