மூளை ஆய்வில் ஓர் எஸ்.பி.எம்.: கார்ல் ஃபிரிஸ்டனின் மேற்கோள் கணக்கை எப்படிப் படிப்பது?

எஸ்.பி.எம். என்றதும் மலேசியத் தமிழர் வீடுகளில் ஐந்தாம் படிவத் தேர்வுதான் நினைவுக்கு வரும். மூளையைப் படம் எடுத்து ஆராய்வோருக்கோ அந்த மூன்று எழுத்து ஒரு கணினி மென்பொருளின் பெயர். அதை உருவாக்கியவர் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் பேராசிரியர் கார்ல் ஃபிரிஸ்டன். 2016இல் செமண்டிக் ஸ்காலர் என்ற தேடுதளம் வெளியிட்ட நரம்பியல் ஆய்வாளர் வரிசையில் முதலிடம் பிடித்தவர் இவர்தான்.

மேற்கோள் என்பது என்ன?

ஓர் ஆய்வாளர் முன்பு வெளிவந்த கட்டுரையைத் தம் ஆய்வுக்குப் பயன்படுத்தினால், அதன் விவரத்தைத் தம் கட்டுரையில் குறிப்பிட வேண்டும். அப்படி ஒரு கட்டுரை குறிப்பிட்டால் ஒரு மேற்கோள். கூகல் ஸ்காலர், ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயன்ஸ் ஆகியவை இதைக் கணக்கெடுக்கின்றன. ஒவ்வொன்றும் திரட்டும் இதழ்கள் வேறு என்பதால், ஒரே ஆய்வாளருக்கு மூன்றிலும் மூன்று எண்கள் வரும்.

எச்-குறியீடு

2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த அளவுகோல் இது. ஒருவருடைய ஐந்து கட்டுரைகள் முறையே 90, 40, 6, 4, 2 மேற்கோள் பெற்றிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 4 மேற்கோள் பெற்றவை 4 கட்டுரைகள். ஆகவே அவருடைய எச்-குறியீடு 4. முதல் கட்டுரைக்கு 900 மேற்கோள் வந்தாலும் அது 4 தான். கூகல் ஸ்காலரில் ஃபிரிஸ்டனின் எச்-குறியீடு 200ஐத் தாண்டிவிட்டது. அதாவது, 200க்கும் மேற்பட்ட கட்டுரைகள் ஒவ்வொன்றும் 200 முறைக்கு மேல் எடுத்தாளப்பட்டுள்ளன.

இவ்வளவு எப்படி வந்தது?

1959இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்த ஃபிரிஸ்டன், மருத்துவம் படித்து மனநலத் துறைக்கு வந்தவர். 1990களின் தொடக்கத்தில், ஸ்கேன் படங்களில் மூளையின் எந்தப் பகுதி உண்மையிலேயே கூடுதலாக இயங்குகிறது என்பதைப் புள்ளியியல் வழியில் கண்டறிய எஸ்.பி.எம். மென்பொருளை உருவாக்கி, இலவசமாகவே வழங்கினார். பயன்படுத்திய ஆய்வுக்கூடங்கள் அவருடைய கட்டுரைகளை மேற்கோள் காட்டின.

2000இல் ஜான் அஷ்பர்னருடன் சேர்ந்து, மூளைப் பகுதிகளின் அளவை ஆளுக்கு ஆள் ஒப்பிடும் முறையை விளக்கினார். லண்டன் டாக்சி ஓட்டுநர்களின் மூளையில் நினைவாற்றலுக்குரிய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாக இருப்பதாகக் காட்டிய புகழ்பெற்ற ஆய்வில் அந்த வகை அளவீடுதான் பயன்பட்டது. மூளை எப்போதும் அடுத்து வரப்போவதை ஊகித்துத் திருத்திக்கொள்கிறது என்ற அவருடைய கோட்பாட்டை விளக்கும் 2010ஆம் ஆண்டுக் கட்டுரையும் பெரிதும் பேசப்படுகிறது.

எண் சொல்லாதது

2016இல் ஆண்டர்ஸ் எக்லண்ட் குழுவினர் எஸ்.பி.எம். உட்பட மூன்று மென்பொருள்களைச் சோதித்தனர். 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டிய பொய் முடிவுகள், சில அமைப்புகளில் 70 விழுக்காடு வரை எட்டின. அளவுகோலை உரிய கண்டிப்போடு வைத்தால் முறை சரியாகவே இயங்கும் என்று ஃபிரிஸ்டன் தரப்பு பதிலளித்தது. எத்தனை பேர் ஒரு கருவியைப் பயன்படுத்தினார்கள் என்பதை மேற்கோள் எண் காட்டும். அவர்கள் சரியாகப் பயன்படுத்தினார்களா என்பதை அது காட்டாது.

துறைக்குத் துறை ஒப்பிடுவதும் தவறு. தமிழ் இலக்கிய ஆய்வாளர் பத்தாண்டு உழைத்து எழுதிய நூல் இந்தத் தளங்களில் பதிவாகாமலே போகலாம். அதனால் அந்த உழைப்பு சிறியதாகிவிடாது.

மாணவர்கள் கேட்க வேண்டியவை

'உலகின் முதல் 2 விழுக்காட்டு விஞ்ஞானி' என்ற செய்தியை அடிக்கடி பார்க்கிறோம். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸ் குழு தொகுக்கும் அப்பட்டியல், தம்மைத் தாமே மேற்கோள் காட்டியதைக் கழித்த எண்ணையும் தருகிறது. முதுகலை, முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி தேடும் பிள்ளைகள் அந்த எண்ணையும் பார்க்கட்டும். அதோடு இவற்றையும் கேட்கலாம்: கட்டுரையில் அவர் பங்கு என்ன? மற்றவர்கள் பாராட்டி எடுத்தாண்டார்களா, மறுத்தார்களா? அவரிடம் படித்த மாணவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு எந்தத் தளத்திலும் எண் கிடையாது. அந்த மாணவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.