முதலில் பணிய வேண்டியவர் யார்?

கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளில் ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பு தொடங்கும் தறுவாயில் வரும் ஞாயிறு, மன்னிப்பு ஞாயிறு. அன்று மாலை வழிபாட்டின் முடிவில் குருவானவர் சபையார் முன் பணிந்து, தம் பிழைகளைப் பொறுத்தருளக் கேட்கிறார். பிறகு கணவன் மனைவியிடமும் பெற்றோர் பிள்ளைகளிடமும் கேட்கிறார்கள். "கடவுள் மன்னிப்பார்" என்பது மறுமொழி. வீட்டுக்குள் மன்னிப்பு என்றதும் காயம்பட்டவரின் பொறுமையைத்தான் நாம் நினைக்கிறோம். இந்த வழக்கமோ அந்தச் சுமையை முதலில் கேட்க வேண்டியவர்மேல் ஏற்றுகிறது.

இதன் பழைய வடிவத்தை எகிப்திய மரியா என்னும் புனிதரின் வாழ்க்கை வரலாற்றில் காணலாம். 7ஆம் நூற்றாண்டில் எருசலேமின் மறைமுதல்வராயிருந்த சொப்ரோனியுஸ் எழுதியதாகக் கருதப்படும் நூல் அது. யோர்தான் நதியருகே வாழ்ந்த துறவியர் நோன்பின் தொடக்கத்தில் ஒருவர் முன் ஒருவர் பணிந்து, தழுவி விடைபெற்று, ஆற்றைக் கடந்து பாலைநிலத்துக்குத் தனித்தனியே போனார்கள். குருத்தோலை ஞாயிற்றுக்குத் திரும்பினார்கள். உயிரோடு திரும்புவோம் என்று எவரும் சொல்ல முடியாத அந்தப் பயணத்துக்கு முன், தீராத பகையை விட்டுச்செல்ல அவர்கள் துணியவில்லை. காலப்போக்கில் மடத்தின் இவ்வொழுக்கம் இல்லத்துக்கும் வந்தது. ரஷ்யாவில் பணியாற்றிய பிரெஞ்சுப் படைத்தலைவர் மார்ஜெரே, நோன்புக்கு முந்தைய நாட்களில் மக்கள் ஒருவரையொருவர் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டதை 1607இல் வெளியான தம் நூலில் பதிவுசெய்தார். இறந்த பெற்றோரின் கல்லறைக்குச் சென்று மன்னிப்புக் கேட்பதும் அந்நாட்டுக் கிராமங்களில் வழக்கமாயிருந்தது. கேரளத்தின் சிரியன் மரபுத் திருச்சபைகளில் நோன்பின் முதல் திங்களன்று நடக்கும் 'சுப்கோனோ' வழிபாடும் இதற்கு உறவானதே.

ஆண்டெல்லாம் அடித்தவன் ஒரு நாள் பணிந்தால் போதுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 16ஆம் நூற்றாண்டு ரஷ்யாவின் இல்லற நெறி நூலான 'தொமஸ்த்ரோய்', மனைவியையும் பிள்ளைகளையும் அடித்துத் திருத்தும் உரிமையைக் குடும்பத் தலைவனுக்குத் தந்தது. மன்னிப்பு ஞாயிறு அந்த வன்முறையை ஒழித்துவிடவில்லை. ஆனால் அந்தத் தலைவனைக் குற்றவாளியாக நிறுத்தும் அளவுகோல் அதே மரபுக்குள் இருந்தது. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, மனத்தாங்கல் கொண்ட சகோதரனோடு முதலில் ஒப்புரவாகும்படி மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. எழுந்து போக வேண்டியவர் காணிக்கை செலுத்த வந்தவரே. அடிபட்டவளிடம் மட்டும் பொறுமையைப் போதித்தவர்கள் இந்தப் போதனையின் பாதியை மறைத்தார்கள்.

உள்ளம் இளகாமல் செய்யும் சடங்கால் என்ன பயன் என்பது இன்னொரு மறுப்பு. வீட்டில் மன்னிப்புக் கேட்க மிகவும் தயங்குபவர், அதிகாரம் உள்ளவர்தான். அவர் மனம் இளகும்வரை காத்திருந்தால் அந்த நாள் வராமலே போகலாம். எல்லோரும் பணியும் ஒரு நாளை நாள்காட்டியில் குறித்துவைத்தால், பணிவது யாருக்கும் அவமானமாயிராது. ஆகவே கிறிஸ்தவக் குடும்பம் பிள்ளைகளுக்கு இரக்கத்தைக் கற்பிக்க விரும்பினால், மன்னிக்கும்படி அவர்களிடம் சொல்வதற்கு முன், பெற்றோர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.