ஒலுவில் பல்கலைக்கழக மாணவர் தங்குமிடங்கள்

இலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் இடையிலுள்ள ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. அங்கு பயில்வோர் வளாக விடுதிகளிலும், சுற்றூர்களில் 'போடிங்' எனப்படும் வாடகை அறைகளிலும் தங்குகின்றனர். அருகூர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பஸ்ஸில் வந்துபோகின்றனர். இப்பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் தங்குமிடம் ஒரு துணை வசதியாகப் பின்னர் சேர்ந்ததன்று. மாணவர் எங்கே அச்சமின்றித் தங்கிப் படிப்பது என்ற கேள்வியிலிருந்தே இப்பல்கலைக்கழகம் பிறந்தது.

தோற்றம்

1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம், கல்முனைக்கு வடக்கே வந்தாறுமூலையில் இருந்தது. 1990 இல் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டதும் அந்த வளாகமே அகதி முகாமாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்திலோ வந்தாறுமூலையிலோ முஸ்லிம் மாணவர் விடுதியில் தங்கிப் படிக்கும் நிலை இல்லாமற் போனது. விரிவுரைக்கு இடம் கிடைத்தாலும், இரவில் தலைசாய்க்க நம்பிக்கையான இடம் இல்லை.

சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த எம்.எச்.எம். அஷ்ரப், 1994 இல் அமைந்த அரசில் அமைச்சரானார். அவரது முயற்சியால் 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவாகி, 1996 மே மாதம் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. முதல் உபவேந்தர் பேராசிரியர் எம்.எல்.ஏ. காதர். தொடக்கத்தில் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை வளவில் வகுப்புகள் நடந்தன. பின்னர் ஒலுவிலின் நிரந்தர வளாகத்துக்கு மாறின. அவ்வளாகத்தின் கட்டடங்களுக்குக் குவைத் நிதியம் கடன் வழங்கியது. 2000 செப்டம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் அஷ்ரப் காலமானார்.

உள்ளூர்ப் பெண்பிள்ளைகளுக்கு இப்பல்கலைக்கழகத்தால் விளைந்த நன்மை தனியே குறிப்பிடத்தக்கது. பேராதனைக்கோ கொழும்புக்கோ மகளை அனுப்பத் தயங்கிய குடும்பங்கள், காலையில் போய் மாலையில் திரும்பும் தொலைவில் பல்கலைக்கழகம் வந்ததும் தயக்கத்தை விட்டன. விடுதிக்கு விண்ணப்பிக்காமலே பட்டம் பெறும் ஒரு தலைமுறை இக்கரையில் உருவானது அப்படித்தான்.

விடுதியும் ஒதுக்கீடும்

இலங்கையில் பல்கலைக்கழக விடுதி என்றாலே பேராதனை முன்மாதிரிதான் நினைவுக்கு வரும். 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தை, அதன் முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் 1952 இல் பேராதனைக்குக் கொண்டுசென்றார். அது முழு வதிவிடப் பல்கலைக்கழகமாகவே திட்டமிடப்பட்டது. ஜயதிலக, அருணாசலம், ஹில்டா ஒபேசேகர போன்ற மண்டபங்கள் எழுந்தன. இலவசக் கல்வியால் மாணவர் தொகை பெருகியபோது எல்லாருக்கும் கட்டில் என்ற அந்தக் கனவு நிலைக்கவில்லை. ஒலுவில் பிறந்த காலத்தில் விடுதி ஓர் உரிமை என்ற நிலை மாறி, பங்கிடப்படும் பொருளாகிவிட்டிருந்தது.

பங்கீட்டில் தூரமும் வருமானமும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. பொதுவாக முதலாம் ஆண்டினருக்கும் இறுதியாண்டினருக்கும் முன்னுரிமை உண்டு. நடு ஆண்டுகளில் வெளியே அறை தேட நேர்கிறது. வதிவிடத்தை உறுதிப்படுத்த கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் தேவைப்படும். ஆண், பெண் விடுதிகள் தனித்தனி. விடுதிப் பொறுப்பாளரும் உப பொறுப்பாளர்களும் மேற்பார்வையிடுவர். கட்டணம் வெளி வாடகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. விடுதி கிடைக்காத மாணவரின் உண்மையான இழப்பு அங்கேதான் இருக்கிறது. 1981 இல் லலித் அத்துலத்முதலி தொடக்கிய மஹாபொல புலமைப்பரிசில் நிதியத்தின் மாதக் கொடுப்பனவு, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உணவும் வாடகையும் அதற்குள் அடங்குமா என்பதை மாணவரின் தகப்பனார்தான் அறிவார்.

பல்கலைக்கழக அனுமதி நாடளாவியது. கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதம் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. ஆகவே முஸ்லிம் ஊரொன்றின் விடுதியில் தென்னிலங்கைச் சிங்கள மாணவரும், மலையகத் தமிழரும், யாழ்ப்பாணத்தவரும் அடுத்தடுத்த கட்டில்களில் தங்க நேர்கிறது. ரமழானில் இது நன்கு தெரியும். விடியுமுன் உண்ணும் ஸஹர் வேளைக்கு ஒரு பாதி விடுதி எழும்ப, மறுபாதி உறங்கும். பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருப்பதால் நோன்பில்லாதவர் சோற்றுக்கு வழி தேடுவர். மாலையில் நோன்பு திறக்கும் மஃரிபுக்கு நோன்புக் கஞ்சியின் முன் எல்லாரும் ஒன்றாக இருப்பர்.

மூத்த மாணவர் புதியவரைத் துன்புறுத்தும் பகிடிவதை விடுதியோடு ஒட்டிய நோய். 1975 இல் பேராதனை இராமநாதன் மண்டப மாடியிலிருந்து, வதை தாங்காமல் ஒரு மாணவி குதித்து முடமானார். 1997 இல் அங்கே ஒரு பொறியியல் மாணவர் பகிடிவதையால் இறந்தார். அதன் பின் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. எனினும் சட்டம் எழுதியதால் மட்டும் வழக்கம் ஒழிந்துவிடவில்லை.

போடிங்

விடுதி கிடைக்காதோர் ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் அறை தேடுகின்றனர். இங்கே வீட்டின் உடைமை முறையை அறிந்தால்தான் போடிங்கைப் புரிந்துகொள்ளலாம். இக்கரையோர முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் மணமானபின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குச் செல்வதே வழக்கம். மகள்மார் ஒவ்வொருவருக்கும் வீடு கட்டிக் கொடுப்பது பெற்றோரின் தலைக்கடன். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இத்தாய்வழி மரபை விரிவாக எழுதியுள்ளார். எனவே வீட்டுக்கு உரியவர் பெரும்பாலும் பெண்தான். வாடகை பேசுபவர் ஆணாக இருந்தாலும், யாரை வைத்திருப்பது என்ற முடிவில் அப்பெண்ணின் சொல்லே செல்லும். மாணவிகளுக்கு இது ஓரளவு காப்பு. எத்தனை மணிக்குள் வர வேண்டும், யார் வந்து பார்க்கலாம் என்ற கட்டுப்பாடும் அதோடு சேர்ந்தே வரும்.

கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய நிலப்பட்டியில் இவ்வூர்கள் நெருங்கிக் கிடக்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமி நெருக்கடியை முற்றவைத்தது. இலங்கையில் அதிக உயிர்களை, 10,000 இற்கு மேல், இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை முதல் நிந்தவூர் வரை கரையோர வீடுகள் தரைமட்டமாயின. வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாதென அரசு முதலில் அறிவித்தது, பின்னர் தளர்த்தியது. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி நிதியில் கட்டிய 500 வீடுகள் வழக்கினால் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. வீடிழந்தவரே வீடு தேடிய ஊரில் மாணவருக்கு அறை எளிதில் கிடைக்கவில்லை.

போக்குவரத்தும் மாரியும்

தீவின் கிழக்கு ரயில் பாதை மட்டக்களப்போடு முடிகிறது. அங்கிருந்து கல்முனை ஊடாகப் பஸ்ஸில்தான் ஒலுவிலை அடைய வேண்டும். கொழும்பிலிருந்து நேரே இரவு பஸ்களும் உண்டு. கல்முனை–அக்கரைப்பற்று வீதியில் ஓடும் பஸ்களே அன்றாடம் வந்துபோவோரின் நம்பிக்கை. பிரயோக விஞ்ஞான பீடம் மட்டும் உள்நாட்டுப் பக்கமாகச் சம்மாந்துறையில் இருப்பதால், அதன் மாணவர் அங்கும் காரைதீவிலும் அறை பார்க்கின்றனர்.

ஒக்டோபரில் தொடங்கும் மாரி மழையில் வயல்வெளிகள் நிரம்பி, காரைதீவு–சம்மாந்துறை வீதியில் மாவடிப்பள்ளிப் பகுதி நீரில் மூழ்குவதுண்டு. 2024 நவம்பரில், நிந்தவூரில் தங்கிப் படித்த மத்ரஸா மாணவர்கள் வீடு திரும்புகையில், அவ்விடத்தில் உழவு இயந்திரம் வெள்ளத்தில் கவிழ்ந்து சிலர் உயிரிழந்தனர். மழைக்காலத்தில் விடுதியை மூடிப் பிள்ளைகளை அனுப்புவதா, உள்ளேயே வைத்திருப்பதா என்பது இக்கரையின் ஒவ்வொரு வதிவிட நிலையத்துக்கும் ஆண்டுதோறும் எழும் கேள்வி.